பெண்களுக்கான எழுதாத விதிகள் தலைமுறைதோறும் எப்படி மாறுகின்றன?

கொழும்புத் தமிழ்ப் பெண்களிடையே இந்த விதிகள் எப்படி மாறின என்று பார்ப்போம். இங்கே சட்டம் முந்திக்கொண்டது: 1931இல் பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது, மறு ஆண்டே நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கிலிருந்து அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குத் தெரிவானார். வீட்டு வழக்கமோ மெல்லவே நகர்ந்தது. கொழும்பின் வெள்ளவத்தைப் பகுதியில் பல குடும்பங்களில் அம்மம்மா துணையின்றிக் கடைக்குப் போகாதவர். அம்மா கந்தோருக்குப் போனாலும் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் திரும்பியாக வேண்டும். மகள் இரவு எட்டு மணிக்கும் அங்குள்ள பெருஞ்சாலையான காலி வீதியில் தனியாகப் பஸ் ஏறுகிறாள், ஆயினும் விருந்தினர் வந்தால் தேநீர்த் தட்டை ஏந்தி வருபவள் அவளே, அண்ணன் அல்ல. சம்பளம் தேவைப்பட்ட இடத்தில் விதி விரைவாகத் தளர்ந்தது. குசினிக்குள் அந்த நெருக்கடி எழவில்லை. "சனம் என்ன கதைக்கும்" என்று இவற்றைக் காப்பவர்கள் பெரும்பாலும் மூத்த பெண்களே என்பது எனக்கு வேதனை தருகிறது. ஊர்வாயின் கொடுமையை அவர்களே அதிகம் அனுபவித்ததால், மகளை அதிலிருந்து காப்பதாகவே நம்புகிறார்கள்.