கொழுந்தனார் காட்டும் மிச்சமும் பில்லில் கிடக்கும் பணமும்

கேள்வி: மதுரை செல்லூரில் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு காராச்சேவு, மிக்சர் தயாரித்து மேலூர், திருமங்கலம் கடைகளுக்குக் கொடுக்கிறோம். மாதம் 8 கமர்ஷியல் சிலிண்டர் ஆகிறது. ஒன்று 1,900 ரூபாய். வீட்டு சிலிண்டரை வெளியில் 1,300 ரூபாய்க்கு வாங்கித் தருவதாகக் கொழுந்தனார் சொல்கிறார். மாறலாமா? இல்லை, விறகடுப்புக்கே போய்விடலாமா? ஜி.எஸ்.டி. 5% கட்டி வருகிறோம். சிலிண்டர் பில் என் கணவர் பெயரில், ஜி.எஸ்.டி. நம்பர் இல்லாமல் வருகிறது.

பதில்: சிலிண்டர் விலையைப் பார்க்காதீர்கள், கிலோ விலையைப் பாருங்கள். கமர்ஷியல் 19 கிலோ, அதாவது கிலோ 100 ரூபாய். வீட்டு சிலிண்டர் 14.2 கிலோதான், 1,300 கொடுத்தால் கிலோ ஏறக்குறைய 91.50. மாதம் 152 கிலோவுக்கு மிச்சம் 1,300 ரூபாய்கூட இல்லை. இதற்காகவா, வீட்டு சிலிண்டரைத் தொழிலுக்கு எரித்ததாக அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தில் வழக்கு வாங்குவது? விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பதும் ‘அங்கே எந்த சிலிண்டர் இருந்தது’ என்றுதான்.

உங்கள் பணம் வேறு இடத்தில் போகிறது. கமர்ஷியல் கேஸுக்கு ஜி.எஸ்.டி. 18%. 1,900-க்குள் சுமார் 290 ரூபாய் வரி. 8 சிலிண்டருக்கு 2,300-க்கு மேல். பில்லில் உங்கள் ஜி.எஸ்.டி. நம்பர் இருந்தால் அதை நீங்கள் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம். இணைப்பைத் தொழில் பெயருக்கு மாற்றி, பதிவுச் சான்றிதழ் நகலை ஏஜென்சியில் கொடுங்கள். (பரோட்டா கடைக்காரர் கேட்டிருந்தால் என் பதில் வேறு. 5% கட்டும் ஓட்டல்களுக்கு இந்தக் கழிவு கிடையாது. விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்பொசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கும் கிடையாது.)

விறகு வேண்டாம். சேவுக்கு எண்ணெய்ச் சூடு ஒரே சீராக நிற்க வேண்டும். அடுப்பைத் தள்ளிவிட ஓர் ஆள் வைத்தால் மிச்சம் சம்பளத்திலேயே போய்விடும். செல்லூர் நெருக்கத்தில் புகையை அக்கம்பக்கமும் பொறுக்காது.

அப்புறம், ஒரு தராசு இருக்கிறதல்லவா? திருப்பி அனுப்பும் சிலிண்டரை அதில் வையுங்கள். காலி எடை சிலிண்டரிலேயே பொறித்திருக்கும். பெரிய பர்னர் வேகமாக இழுக்கும்போது சிலிண்டர் குளிர்ந்து, ஐஸ் பிடித்து, அழுத்தம் குறைந்துவிடும். தீர்ந்துவிட்டது என்று கழற்றிவிடுவார்கள், உள்ளே கேஸ் கிடக்கும். ஒன்றரை கிலோ கிடந்தால் 150 ரூபாய்; எட்டுக்கு 1,200. பட்டறைகளில் சிலிண்டரைச் சாய்த்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். திரவமே குழாயில் இறங்கிவிடும், அதை மட்டும் செய்யவிடாதீர்கள். இரண்டு சிலிண்டர்களை ஒரே லைனில் சேர்த்து எரித்தால் ஒவ்வொன்றிலிருந்தும் இழுப்பு பாதியாகும், அவ்வளவு குளிராது. அந்த வேலையை ஏஜென்சி மெக்கானிக்கை வைத்தே செய்யுங்கள். எடை பார்த்து மிச்சம் இல்லை என்றால் இந்தச் செலவும் தேவையில்லை.