நோயுற்ற நண்பருக்குத் தோள் கொடுப்போர்: கேள்வி பதில்

பதில் அளிப்பவர்: பக்கவாத நோயாளிகளுக்கு நீண்ட காலம் பயிற்சி அளித்து, புதுச்சேரியில் ஓய்வு பெற்று வாழும் இயன்முறை மருத்துவர்.

முத்தியால்பேட்டை வாசகர்: என் பள்ளித் தோழனுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அவன் மனைவியால் இயலாததால், தினமும் காலையில் நான் போய்க் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தூக்கி வைக்கிறேன். இப்போது எனக்கே இடுப்பு பிடித்துக்கொள்கிறது. எப்படித் தூக்குவது?

ஐயா, முடிந்தவரை தூக்காதீர்கள். உங்கள் நண்பரின் வலது கையிலும் காலிலும் வலு இருக்கும்போது, எழ வேண்டியவர் அவர். நீங்கள் அவர் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். நாற்காலியை அவருடைய வலது பக்கம், கட்டிலை ஒட்டிச் சற்றுச் சாய்வாக நிறுத்தி, சக்கரங்களைப் பூட்டிவிடுங்கள். அவரைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, பாதங்கள் தரையில் நன்றாகப் பதிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். படுத்திருந்தவர் உடனே எழுந்தால் தலை சுற்றும் என்பதால், அங்கேயே ஓரிரு நிமிடம் உட்காரட்டும். பிறகு பாதங்களைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, உடம்பை நன்றாக முன்னால் சாய்த்து, வலது கையால் கட்டிலை ஊன்றி அவர் எழும் அதே நேரத்தில், உங்கள் முழங்காலை அவருடைய இடது முழங்காலுக்கு முன்னால் அணையாகக் கொடுத்து, அவர் இடுப்பைச் சுற்றி இறுக்கமாகக் கட்டிய அகலமான துணிப் பட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள். லுங்கி முடிச்சைப் பிடிக்க வேண்டாம், அவிழ்ந்துவிடும். உங்கள் முதுகு நேராகவும் முழங்கால்கள் மடங்கியும் இருக்கட்டும்; திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் காலடிகளை மாற்றி வைத்துத் திரும்புங்கள்.

பாசத்தோடு பலரும் செய்கிற தவறு ஒன்று உண்டு: நோயாளியின் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவது அல்லது விழுந்த கையைப் பிடித்து இழுப்பது. அந்தப் பக்கத் தோள்மூட்டைப் பிடித்து வைக்கும் தசைகள் தளர்ந்திருப்பதால், மூட்டு நழுவி, மாதக்கணக்கில் தீராத வலி வந்துவிடும். அவர் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு எழுவதும் கூடாது. அவருடைய மொத்த எடையும் உங்கள் கழுத்திலும் முதுகிலும் இறங்கும்.

வலது காலிலும் வலு இல்லாவிட்டால், இரண்டு பேர் இல்லாமல் அவரை மாற்றவே கூடாது. உங்கள் இடுப்பு வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் கழிப்பதில் மாற்றம் தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகி: மார்பகப் புற்றுநோய்க்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் சிகிச்சை பெறும் என் தோழியைக் கடலூரிலிருந்து நான்தான் பேருந்தில் அழைத்துச் செல்கிறேன். வழியில், "நான் பிழைப்பேனா?" என்று கேட்கிறாள். "உனக்கு ஒன்றும் ஆகாது" என்று சொல்லிச் சொல்லி எனக்கே தொண்டை அடைக்கிறது.

அப்படிச் சொல்வதை இனி நிறுத்திவிடலாம், அம்மா. அந்த வார்த்தை வந்தவுடன் அவருக்கு மேற்கொண்டு பேச வழியில்லாமல் போகிறது. உங்களுக்கோ காக்க முடியாத வாக்குறுதி ஒன்று மனத்தில் பாரமாக ஏறுகிறது. "டாக்டர் உன்னிடம் என்ன சொன்னார்? உனக்கு எதை நினைத்தால் பயமாக இருக்கிறது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சாவைவிட, பிள்ளையின் படிப்பும், முடி கொட்டுவதும், கணவரின் முகம் மாறுவதுமே வெளியே வரும். அவற்றுக்கு நீங்கள் விடை சொல்ல வேண்டியதில்லை. அவர் சொல்லி முடிக்கும்வரை பேச்சை மாற்றாமல் இருந்தால் போதும். அழுகை வந்தால் நீங்களும் அழலாம். நோயின் போக்கைப் பற்றிய கேள்விகளை இருவரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை மருத்துவரிடம் அவரையே கேட்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: கீமோ எனப்படும் புற்றுநோய் மருந்துச் சிகிச்சை நடக்கும் காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், வீட்டில் மாத்திரை கொடுத்துக் காத்திருக்காமல், இரவானாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

நெல்லிக்குப்பம் வாசகர்: சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்ளும் நண்பர், அளவை மீறித் தண்ணீர் குடித்துவிட்டு மூச்சுத் திணறுகிறார். தடுத்தால் என்னைத் திட்டுகிறார். எனக்குக் கோபம் வருகிறது. பிறகு குற்ற உணர்வு தூங்க விடுவதில்லை.

கோபம் வருவதால் உங்கள் நட்பில் குறை எதுவும் இல்லை. அவருடைய தாகத்துக்கு நீங்கள் காவல்காரராக மாறியதுதான் இருவரையும் வதைக்கிறது. மருத்துவர் சொன்ன ஒரு நாள் அளவைக் காலையில் ஒரு பாட்டிலில் ஊற்றி அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். மாத்திரைக்குக் குடிப்பதும், காபியும், ரசமும் அந்தக் கணக்கில் சேரும் என்பதையும் சொல்லுங்கள். உப்பைக் குறைத்தால் தாகமும் குறையும். மூச்சுத் திணறல் வந்தால் வாதம் வேண்டாம், 108-ஐ அழையுங்கள். உங்கள் தூக்கமின்மை நீடித்தால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். நோயாளிக்கு மட்டும் உரிய எண் அன்று அது.

அரியாங்குப்பம் வாசகர்: என் நண்பர் திருமணம் ஆகாதவர், உறவு என்று யாரும் இல்லை. அவருக்கு நினைவு தவறினால், சிகிச்சை பற்றி நான் முடிவு சொல்ல முடியுமா?

நினைவு தெளிவாக இருக்கும்வரை சம்மதம் தர வேண்டியவர் அவரே. உறவினர் கையெழுத்து அதற்கு மாற்றாகாது. பின்னாளுக்காக அவர் இப்போதே முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம் ஒன்றை எழுதிவைக்கலாம். மீள வழியில்லாத நிலை வந்தால் உயிர்காக்கும் கருவிகள் வேண்டுமா, வேண்டாமா என்பதை அதில் குறிப்பிடலாம். உச்ச நீதிமன்றம் 2018-இல் இதை ஏற்றது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரிடம் சான்று பெற வேண்டும். தம் சார்பில் முடிவெடுக்கும் பாதுகாவலராக உங்கள் பெயரை அதில் எழுத முடியுமா என்பதை வழக்கறிஞரோடு பேசி, வாசகத்தைச் சரியாக அமைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பேச்சை எடுக்க உங்களுக்குத் தயக்கமாக இருக்கும். ஆனால் யாரும் கேட்கவில்லையே என்று அவரும் காத்துக்கொண்டிருக்கலாம்.

கடலூர் முதுநகர் வாசகி: நோயுற்ற என் தோழியை வீட்டுக்கே வந்து பார்க்கும் செவிலியர் கிடைப்பார்களா?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்புப் பராமரிப்பும் இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே தரப்படுகின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் தோழியின் பெயரைப் பதியச் சொல்லுங்கள், 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும் விசாரிக்கலாம். புதுச்சேரி தனி ஒன்றியப் பிரதேசம் என்பதால், எல்லைக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் அங்குள்ள சுகாதார நிலையத்தில்தான் கேட்க வேண்டும்.