பிரேக் பெடல் கல்லாக இறுகினால் பூஸ்டர்தான் காரணமா?

பழைய டீசல் சுமோ வைத்திருக்கும் வாசகர் ஒருவர், சில வாரங்களாகப் பிரேக் பெடல் கல்லாக இறுகிவிடுவதாகவும், பலம் முழுவதையும் கொடுத்து மிதித்தால்தான் வண்டி நிற்பதாகவும், பிரேக் ஷூவை மாற்றியும் பயனில்லாததால், மிதிக்கும் விசையைப் பெருக்கித் தரும் பூஸ்டரை மாற்றிவிடலாம் என்று மெக்கானிக் சொல்வதாகவும் எழுதியிருக்கிறார்.

பூஸ்டருக்குச் செலவழிப்பதைச் சற்று ஒத்திப்போடுங்கள். பெடல் மெத்தென்று கீழே இறங்கினால் பிரேக் ஆயில் குழாயில் காற்று புகுந்திருக்கும், அல்லது அந்த ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் தேய்ந்திருக்கும். உங்கள் குறை அதற்கு நேர்மாறானது. பூஸ்டர் வழியாகக் காலுக்குத் துணையாக இருக்க வேண்டிய வேக்குவம் (காற்றை உறிஞ்சியெடுத்த வெற்றிடம்) கிடைக்காதபோதுதான் பெடல் இப்படி இறுகும்.

முதலில் எஞ்சினை நிறுத்திவிட்டு, பெடல் இறுகும்வரை ஐந்தாறு முறை மிதியுங்கள். பிறகு காலை எடுக்காமல் எஞ்சினை ஓடவிடுங்கள். பெடல் காலுக்கடியில் சற்றே தானாக இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது என்று பொருள். அசையாவிட்டால், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பூஸ்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றி அதன் வாயில் கட்டைவிரலை வைத்துப் பாருங்கள். விரலைப் பலமாக இழுத்தால் மட்டுமே பூஸ்டரைச் சந்தேகிக்க வேண்டும்; மெக்கானிக்கிடம் வேக்குவத்தை அளக்கும் கேஜ் இருந்தால், வேக்குவத்தை உண்டாக்கும் பம்ப் நன்றாக இருந்தால் அதில் சுமார் 600 மில்லிமீட்டர் பாதரச அளவு வேக்குவம் காட்டும்.

இழுப்பு குறைவு என்றால் பம்பைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்தே வேக்குவம் கிடைத்துவிடும்; பழைய டீசல் எஞ்சினில் அந்த வசதி இல்லாததால் தனி பம்ப் வைத்திருப்பார்கள். அது பெரும்பாலும் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே இருக்கும் என்பதால், அதைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்து வழுக்கினால் பேட்டரி சார்ஜும் குறையும், பிரேக்கும் இறுகும். எஞ்சின் ஆயிலில் ஓடும் இந்தப் பம்பின் உள்ளே சுழலும் பிளேடுகள் நாளடைவில் தேய்ந்துவிடும். ஆயில் செல்லும் குழாய் அடைத்துக்கொண்டால் இன்னும் சீக்கிரம் தேயும்.

ஹோஸையும் விட்டுவிடாதீர்கள். வெளியே நன்றாகத் தெரியும் பழைய ரப்பர், உள்ளே உப்பி வழியை அடைத்திருக்கலாம். அதற்குப் பதிலாகச் சாதாரண தண்ணீர்க் குழாயை மாட்டிவிடும் பட்டறைகளும் உண்டு. எஞ்சின் சூட்டில் இளகி, வேக்குவத்தின் இழுப்பில் அது சப்பிப்போகும். ஹோஸில் காற்றை ஒரு பக்கமாக மட்டும் விடும் செக் வால்வைக் கழற்றி ஊதினால், பூஸ்டர் பக்கத்திலிருந்து பம்ப் பக்கத்துக்குக் காற்று போக வேண்டும், மறுபக்கமாகப் போகக் கூடாது.

பெடலை மிதித்தபடி இருக்கும்போது காலடியில் ‘உஸ்’ என்று தொடர்ந்து சத்தம் கேட்டால், பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வான டயாஃப்ரம் கிழிந்திருக்க வாய்ப்புண்டு. வெளியே கசிவே தெரியாமல் பிரேக் ஆயில் குறைந்துகொண்டே வந்தால், மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் வழியாக அது பூஸ்டருக்குள் இறங்குகிறதா என்று கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

குறை தீரும்வரை மலைப்பாதைக்கு வண்டியை எடுக்க வேண்டாம். டீசலை மிச்சப்படுத்த இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தும் பழக்கம் இருந்தால், அதை அடியோடு விட்டுவிடுங்கள். பூஸ்டரில் மிஞ்சியிருக்கும் வேக்குவம் ஓரிரு மிதிக்குத்தான் வரும்.

பூஸ்டரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று முடிவானால், ஹோஸின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் கறுப்பு ஆயில் ஒட்டினால் பம்ப்தான் அதைத் தள்ளுகிறது. பம்பைச் சரிசெய்யாமல் மாட்டினால் புது பூஸ்டரின் ரப்பரையும் அந்த ஆயில் கெடுத்துவிடும்.