அரசுத் தேர்வுக் கட்டணம்: எங்கே விலக்கு, எங்கே பணம் திரும்பும்?

கேள்வி: நான் மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. டி.என்.பி.எஸ்.சி.யில் மூன்று முறை கட்டணம் இல்லை என்கிறார்கள். ஆனால் 150 ரூபாய் கேட்கிறதே? (வாசகி, தருமபுரி)

பதில்: அந்த 150 ரூபாய் ஒருமுறைப் பதிவுக் கட்டணம். எல்லா வகுப்பினரும் கட்ட வேண்டும், ஐந்தாண்டு செல்லும். பதிவு செய்துவிட்டாலே தேர்வுக்கு விண்ணப்பித்ததாக ஆகாது. ஒவ்வொரு அறிவிக்கைக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு உள்ள சலுகை தேர்வுக் கட்டணத்துக்கு மட்டும்தான்.

ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆதரவற்ற விதவைகள் ஆகியோருக்குத் தேர்வுக் கட்டணம் முழுவதும் விலக்கு. பி.சி., எம்.பி.சி., சீர்மரபினருக்கு மூன்று வாய்ப்பு. முன்னாள் ராணுவத்தினருக்கு இரண்டு.

பலர் தவறுவது எண்ணிக்கையில். சலுகை கேட்டு விண்ணப்பித்தாலே ஒரு வாய்ப்பு கழிந்துவிடும். தேர்வு எழுதினீர்களா, தேறினீர்களா என்பது கணக்கில் வராது. 'எழுதித்தான் பார்ப்போமே' என்று போடும் விண்ணப்பங்களில் மூன்றையும் தீர்த்துவிடாதீர்கள். தயாராகிவிட்ட தேர்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சலுகை வேண்டுமா என்ற கேள்விக்கு நான்காவது முறையும் 'ஆம்' என்று குறித்தால் விண்ணப்பமே நிராகரிக்கப்படும். குரூப் 4 கட்டணம் 100 ரூபாய். அதை மிச்சம் பிடிக்கப்போய் ஒரு தேர்வையே இழக்கக் கூடாது. சலுகைக் கேள்விக்குக் கொடுத்த பதிலைப் பிறகு மாற்றவும் முடியாது. எந்த அறிவிக்கைக்குச் சலுகை கேட்டீர்கள் என்பதை நோட்டில் எழுதி வையுங்கள்; பழைய விண்ணப்ப நகல்களையும் சேமியுங்கள்.

கேள்வி: ரயில்வே தேர்வுக்குக் கட்டும் 500 ரூபாய் திரும்பக் கிடைக்குமா? (வாசகர், விருதுநகர்)

பதில்: முதல் கட்டக் கணினித் தேர்வை எழுதினால் 400 ரூபாய் திரும்பும். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., முன்னாள் ராணுவத்தினர், மாற்றுத்திறனாளிகள், திருநர், சிறுபான்மையினர், பொருளாதாரத்தில் பின்தங்கியோர் 250 ரூபாய் கட்டினால் போதும்; வங்கிச் செலவு போக முழுத்தொகையும் வந்துவிடும். தேர்வுக்குப் போகாதவருக்கு ஒரு பைசா திரும்பாது.

'பொருளாதாரத்தில் பின்தங்கியோர்' என்றால் இங்கே குடும்ப ஆண்டு வருமானம் 50,000 ரூபாய்க்குக் கீழ் உள்ளவர்கள். ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) வேறு, 10 சதவீத இடஒதுக்கீட்டுக்கான ஈ.டபிள்யூ.எஸ். வேறு. மூன்றையும் குழப்பிக்கொண்டு 250 கட்டுபவர்கள் ஏராளம்.

வங்கி விவரம் கேட்கும் இடத்தில் உங்கள் சொந்தக் கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் கொடுங்கள், பிரவுசிங் சென்டர்காரரின் கணக்கு வேண்டாம். எண் தவறினால் பணம் வந்து சேராது. எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர் தேர்வு மையத்துக்கு ஸ்லீப்பர் வகுப்பில் இலவசமாகப் போய்வரலாம். விண்ணப்பத்திலேயே அதைக் கேட்டு, சாதிச் சான்றிதழ் விவரம் தர வேண்டும். கட்டணத்தைவிட வழிச்செலவுதான் பெரிது என்பதால் இதை விட்டுவிடாதீர்கள்.

திருப்பித் தரும் முறை நல்லதுதான். ஆனால் விண்ணப்பிக்கும் நாளில் கையில் 250 ரூபாய் இல்லாதவருக்கு அதனால் பயனில்லை. ஏழை விண்ணப்பதாரரிடம் முதலிலேயே வாங்காமல் இருப்பதுதான் நியாயம்.

கேள்வி: எஸ்.எஸ்.சி. (மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம்) தேர்வுக்கு ஓ.பி.சி. சலுகை உண்டா? (வாசகர், கடலூர்)

பதில்: இல்லை. கட்டணம் 100 ரூபாய். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள், தகுதியுள்ள முன்னாள் ராணுவத்தினருக்கு மட்டுமே விலக்கு. இங்கே காசு கரைவது திருத்தத்தில்: விண்ணப்பத்தை முதல்முறை திருத்த 200, இரண்டாம் முறை 500 ரூபாய். விலக்கு பெற்றவரும் இதைக் கட்ட வேண்டும். சமர்ப்பிக்கும் முன் பெயர், பிறந்த தேதி இரண்டையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.