கோ-டிரைவர் ஆக எந்த மொழி முதலில்?

தம்பி, சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து எழுதுறேன். டிப்ளமோ முடிச்சிட்டீங்க, வெளிநாட்டு ரேலியில் (சாலையில் நடக்கிற கார் பந்தயம்) கோ-டிரைவராகணும் (டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்றவர்), இங்கிலீஷ் தடுமாறுது, பிரெஞ்சு வகுப்பில் சேரலாமான்னு கேட்டிருக்கீங்க.

இப்போ வேண்டாம். முதலில் இங்கிலீஷ். விதிப்புத்தகம், தொழில்நுட்பச் சோதனை, அதிகாரிகளோட பேச்சு எல்லாத்துக்கும் அதுதான் வேணும். உலக கார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவோட விதிகள் பிரெஞ்சிலும் வருது, ஆனா இங்கிலீஷ் தெரிஞ்சா சமாளிச்சிடலாம்.

பேஸ் நோட்ஸ், அதாவது வளைவுகளை முன்கூட்டியே எழுதி வெச்சு ஓடும்போது டிரைவருக்கு வாசிக்கிற குறிப்பு, வேற கதை. அது டிரைவருக்கு யோசிக்காமலே காதில் ஏறுற மொழியில் இருக்கணும். பிரான்ஸ் டிரைவர் ஓஷியேவும் அவரோட கோ-டிரைவர் இன்கிராசியாவும் பிரெஞ்சில் படிச்சே 8 உலகப் பட்டம் ஜெயிச்சாங்க. அதனால டிரைவர் அமைஞ்ச பிறகு அவர் மொழியைப் பிடிச்சுக்கோங்க.

பயிற்சிக்கு ஏற்காடு இருக்கே! அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. அப்பா வழக்கமான வேகத்தில் ஓட்டட்டும், நீங்க பக்கத்தில் உட்கார்ந்து ஏறும்போது வளைவுகளை நோட்டில் எழுதுங்க. அடுத்த தடவை ஏறும்போது இங்கிலீஷில் வாசிங்க, ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாடியே. நான் முதல் தடவை "லெஃப்ட்"னு சொல்லிட்டுக் கையை வலது பக்கம் காட்டினேன். பத்துப் பயணத்துக்கு அப்புறம்தான் வாயும் கையும் ஒத்துப்போச்சு. எழுதின நோட்டைப் படம் எடுத்து இங்கேயே போடுங்க, பார்த்துச் சொல்றேன்.