மீக்கடத்திக் காந்த சென்சாரால் விமானத்துக்குள் மறைந்திருக்கும் விரிசலைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியுமென்றால் ஏன் எங்கும் பார்க்க முடிவதில்லை?

முடியும். அந்த சென்சாரை ஸ்குவிட் என்பார்கள். கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் பொருளால், அதாவது மீக்கடத்தியால், செய்த சிறு வளையம் அது. நான் காட்பாடிக்காரன், ராணிப்பேட்டைப் பக்கத் தொழிற்சாலைகளில் பன்னிரண்டு வருடமாக எடி கரண்ட் டெஸ்டிங், அதாவது சுழல் மின்னோட்டத்தால் உலோகத்தில் விரிசல் தேடும் சோதனை, செய்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சுருளில் மாறுமின்சாரம் விட்டால் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் ஓடும். விரிசல் குறுக்கே வந்தால் அது வளைந்து போகும், திரையில் சிக்னல் துள்ளும். மேல் தகட்டுக்கு இது போதும். ஆனால் விமான உடம்பில் தகடு மேல் தகடு வைத்து ரிவெட் அடித்திருப்பார்கள். அடித்தகட்டில், ரிவெட் துளை ஓரத்தில் விரிசல் விட்டிருந்தால்?

ஆழமாகப் போக அதிர்வெண்ணைக் குறைக்க வேண்டும். தூய அலுமினியத்தில் 10,000 ஹெர்ட்ஸில் ஒரு மி.மீ. கூடத் தேறாது, 100 ஹெர்ட்ஸில் 8 மி.மீ. வரை இறங்கும். வம்பு இங்கேதான். எங்கள் சுருள் உணர்வது காந்தப்புலம் மாறும் வேகத்தை. மெதுவாக மாறினால் அதற்குக் காது மந்தம். ஸ்குவிட் புலத்தையே அளப்பதால் வேகம் அதற்குப் பொருட்டில்லை. பலரும் அதன் நுண்மையைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

1988 ஏப்ரலில் ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸ் போயிங் 737 ஒன்றின் கூரை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. 89,680 முறை பறந்த விமானம். ரிவெட் வரிசையில் சின்னச் சின்ன விரிசல்கள் ஒன்று சேர்ந்துவிட்டன. ஏறும்போதே ஒரு பயணி விரிசலைப் பார்த்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததற்கே அந்தக் கதி!

குளிர்விப்பது இப்போது அவ்வளவு கஷ்டமில்லை. 1964-இல் வந்த முதல் ஸ்குவிட்டுக்குத் திரவ ஹீலியம் வேண்டியிருந்தது, மைனஸ் 269 டிகிரி. 1987-க்குப் பிறகு வந்த பீங்கான் வகை மீக்கடத்திகளுக்கு மைனஸ் 196 போதும். நம்மூர் மாட்டாஸ்பத்திரியில் சினை ஊசி மருந்து வைக்கும் கேனில் இருக்கிறதே, அதே திரவ நைட்ரஜன்தான்.

எங்கும் பார்க்க முடியாததற்குக் காரணம் இரைச்சல், அதாவது சுற்றியுள்ள வேண்டாத காந்தப்புலங்கள். பூமியின் காந்தப்புலம் நம் பக்கம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. ஸ்குவிட் அதில் கோடியில் ஒரு பங்கையும் கண்டுபிடிக்கும். அதைப் பூமியின் புலத்துக்குள் நகர்த்தினாலே சிக்னல் குழம்பும். ஹேங்கரில் இரும்பு ஏணியை யாராவது தள்ளினாலும் அப்படியே. இரண்டு வளையங்களை எதிரெதிராக இணைத்துப் பொதுவான புலத்தைக் கழிக்கிறார்கள், முழுக்கப் போகாது.

கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஸ்குவிட் செய்து உலோகச் சோதனையும் நடத்துகிறார்கள். ஜெர்மனியின் யூலிச் ஆய்வு மையத்தார் கழற்றிய விமானச் சக்கரத்தைச் சுழலவிட்டுச் சோதித்திருக்கிறார்கள். முழு விமானத்தின் மேல் சென்சாரை இழுப்பதைவிட அதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் என்பேன்.