பின்பக்கத்துப் பாட்டு

அன்புள்ள ஐயா,

என் மகன் ‘டெயின்டட் லவ்’ என்ற ஆங்கிலப் பாட்டை ஓயாமல் கேட்கிறான். 1981இல் சாஃப்ட் செல் என்ற பிரிட்டிஷ் இரட்டையர் வெளியிட்டது. தேடிப் பார்த்தால் அது அவர்களுடைய பாட்டே இல்லை. குளோரியா ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பாடகி 1965இல் பாடியது. அசலை யாரும் சீண்டவில்லை, நகலுக்கு உலகப் புகழ். இது திருட்டில்லையா? சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியின் கவர்ச்சிதான் காரணமா?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

திருட்டு என்ற சொல்லை எவ்வளவு சுலபமாக எடுத்து வீசிவிடுகிறீர்கள்! வெளியான பாட்டை உரிய தொகை கட்டி யாரும் மறுபடி பதிவு செய்யலாம் என்பது அமெரிக்காவில் 1909 முதல் சட்டம். பாட்டை எழுதிய எட் காப்பின் பங்கு அவருக்குப் போனது. ஏமாந்தவர்கள் நீங்கள் திருடர் என்று சொன்னவர்கள்தான். இசைத்தட்டின் பின்பக்கத்திலாவது சொந்தப் பாட்டைப் போட்டிருந்தால் விற்ற ஒவ்வொரு தட்டுக்கும் அவர்களுக்குப் பங்கு கிடைத்திருக்கும். அங்கேயும் சுப்ரீம்ஸ் குழுவின் பழைய பாட்டையே பாடிவைத்தார்கள். அமெரிக்காவின் முன்னணிப் பாட்டுப் பட்டியலில் 43 வாரம் நின்ற இசைத்தட்டு. எழுதியவருக்கான பங்கில் ஒரு காசுகூட அவர்களுக்கு இல்லை. இப்படிப்பட்ட திருடர்கள் தினமும் என் வீட்டுக்கு வரட்டும்.

சிந்தசைசரா என்றால், ஓரளவுக்கு. குளோரியா ஓடிக்கொண்டே பாடுகிறார், சாஃப்ட் செல்லின் பாடகர் மார்க் ஆல்மண்ட் நின்றுவிட்டார். வேகம் குறைந்ததும் கோபம் எழுந்து போய் அந்த இடத்தில் அலுப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான்.

ஆனால் உங்கள் கணக்கில் 1965க்கு அடுத்து 1981 வருகிறது. நடுவில் 16 வருஷம் அந்தப் பாட்டு யார் கையில் இருந்தது? அதைக் கேட்க உங்களுக்குத் தோன்றவில்லை பாருங்கள், என் கோபமெல்லாம் அதில்தான். குளோரியாவின் பாட்டு வெளிவந்ததே ஒரு தட்டின் பின்பக்கத்தில். முன்பக்கமே ஓடவில்லை. 1973இல் ரிச்சர்ட் சியர்லிங் என்ற ஆங்கிலேய டிஜே அமெரிக்காவில் அதன் பிரதி ஒன்றை வாங்கி ஊருக்குக் கொண்டுபோனார். வட இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் விடிய விடிய ஆடும் கூடங்கள் இருந்தன. அமெரிக்காவில் விலைபோகாத கறுப்பினப் பாடகர்களின் தட்டுகளுக்குத்தான் அங்கே மதிப்பு. ‘நார்தர்ன் சோல்’ என்று பெயர். போட்டி டிஜேக்களின் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று, தட்டின் நடுவிலுள்ள பெயர்ச்சீட்டின்மேல் வேறு காகிதம் ஒட்டி மறைப்பார்கள். சாஃப்ட் செல்லின் டேவ் பால் அந்த இசையில் ஊறியவர். குப்பையிலிருந்து அவர் எதையும் பொறுக்கவில்லை. வருஷக்கணக்கில் ஆயிரம் கால்கள் சரிபார்த்துக் கொடுத்த பாட்டை எடுத்தார். ‘யாரும் சீண்டவில்லை’யாம்! குளோரியாவே 1976இல் அதை மறுபடி பாடினார், அதுவும் ஓடவில்லை. கூடங்கள் மட்டும் விடவில்லை.

எனக்கு அது வந்த வழி வேறு. 80களின் நடுவில், தூத்துக்குடியில் கேசட் பதிவு செய்து தரும் அண்ணன் ஒருவர் இருந்தார். பட்டியல் எழுதிக் கொடுத்தால் மூன்று நாளில் கிடைக்கும். 60 நிமிடக் கேசட்டில் நாம் கேட்டதெல்லாம் போக, கடைசியில் இரண்டரை, மூன்று நிமிடம் மிஞ்சும். நாடாவைச் சும்மா விட அவருக்கு மனம் வராது. தன் விருப்பத்துக்கு ஒன்றைப் பதிந்துவிட்டு, அட்டையின் கடைசி வரியில் பச்சை மையால் ‘மீதி’ என்று எழுதுவார். என் சினிமாப் பாட்டுகள் முடிந்த கையோடு ‘டிங் டிங்’ என்று இரண்டு தட்டல், பின்னால் ஓர் ஆங்கிலக் குரல். கேட்காத பாட்டுக்குக் காசு தர முடியாது என்று கடை வாசலில் நின்று கத்தினேன். அவர் ரசீதைத் திருப்பிக் காட்டினார். 14 பாட்டுக்குத்தான் கணக்குப் போட்டிருந்தார்.

“அழித்துவிடட்டுமா, தம்பி?”

அழியுங்கள் என்றேன். ஒரு வாரம் கூடத் தாங்கவில்லை. திரும்பப் போய்ப் பாட்டின் பெயரைக் கேட்டேன். ஒரு கப்பல்காரர் கொண்டுவந்த கேசட்டாம்; அவர் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு கப்பலேறிவிட்டாராம். பெயர் தெரிய எனக்குப் பத்து வருஷம் ஆனது. அந்த கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. அட்டையில் ‘மீதி’ அப்படியே இருக்கிறது, நாடாவில் அந்த இடத்தில் வெறும் இரைச்சல்.